ஒட்டின் மேல் பதினோரு கட்டங்கள்

ஆர்டிஸ் டாலஃப்சன் பகடையை உருட்டுவதற்கு முன் கண்களை மூடிக்கொள்வாள். மூடிக்கொண்டு, தன் கப்பலுக்குள் அந்த நேரம் என்ன நடக்கிறது என்று எங்களுக்குச் சொல்வாள்.

"ஓல்காவுல இப்ப விடிகாலை. காபி போட்டாச்சு. ஆறு பேரும் ஜன்னல்கிட்ட நிக்கறாங்க. வெளிய ஒண்ணுமே இல்ல, கருப்பு. ஆனா அந்தக் கருப்பு ஒரு எடத்துல கொஞ்சம் தடிச்சாப்ல இருக்கு. யாரும் பேசல. ஒருத்தன் மட்டும் கப்புல கரண்டிய விட்டுக் கலக்கறான். சக்கர கரைஞ்சு ரொம்ப நேரமாச்சு, இன்னும் கலக்கறான்."

அப்புறம்தான் பகடை. மேசையைச் சுற்றித் தொப்பை விழுந்த ஆண்கள் ஏழெட்டுப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். சரியாக அந்த நேரம் பார்த்து அடுத்த கூடத்தில் யாராவது பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்ப்பார்கள். எங்களுக்குத் தூக்கிவாரிப்போடும். ஆர்டிஸ் மட்டும் அசையமாட்டாள்.

விஸ்கான்சினின் மேற்கு ஓரத்தில் ஹால்வர்சன் ஃபால்ஸ் எங்கள் ஊர். ஊரின் பவுலிங் கூடத்துப் பின்னறையில் 1979 முதல் ஒரு விண்வெளிப் போர் நடத்திக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மேல் தொடங்கி, மாடு கறக்கும் நேரத்துக்குள் முடித்துக்கொள்வோம். ஞாயிறு கர்த்தருக்கும் கால்பந்துக்கும் உரியது. டேபிள் டென்னிஸ் பலகையின் மேல் இரண்டு பெரிய கருப்பு வரைபடத் தாள்களைப் பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தோம். தாள் முழுக்கத் தேன்கூடு போல ஆறு மூலைக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு இலக்க எண். அட்டைச் சில்லுகள்தான் கப்பல்கள். பதினோரு வருடமாக ஒரே போர். அதற்குள் எங்களில் ஒருவனுக்குக் கல்யாணமாகி விவாகரத்தும் ஆகிவிட்டது, போர் முடிந்தபாடில்லை. நான் நடுவர். மருந்துக்கடை வைத்திருப்பதால் என்னை டாக், அதாவது டாக்டர், என்பார்கள். வைத்தியம் தெரியாது, விதிப்புத்தகம் மனப்பாடம்.

விளையாட வருகிற எவனும் போர்க்கப்பல்தான் கேட்பான். கண்ணிவெடி வாருகிற கப்பலை ஒருவனும் தொடமாட்டான். அதற்குப் பீரங்கி கிடையாது, வேகம் கிடையாது, நின்று நின்று ஊர்ந்து போகும். நாங்கள் அதைத் துடைப்பம் என்போம். ஆர்டிஸ் முதன்முதலாக வந்த சனிக்கிழமை, மிச்சம் என்ன கப்பல் இருக்கிறது என்று கேட்டாள். டிராக்டர் விற்கிற டேல் பிரெக்கிக்கு வாய் சும்மா இருக்காது.

"துடைப்பம்தான் இருக்கு. பொம்பளைக்குப் பொருத்தம்."

"குடு" என்றாள். "வழிய நான் பெருக்கலேன்னா நீ எங்கய்யா போவ? வீட்லயே ஒக்காந்திருப்ப."

அவள் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். நாற்பத்தெட்டு வயது, தனி ஆள், வீட்டில் கோழிகள். தன் நான்கு துடைப்பங்களுக்கும் கோழிகளின் பெயரையே வைத்தாள்: ஓல்கா, பெர்த்தா, டில்லி, இங்கா. பனிக்காலத்தில் ஊர் எழுந்திருக்கும் முன்னால் லாரியை எடுத்துவிடுவாள். அந்த ஓட்டத்தைப் பற்றி ஒரு தடவை என் கடைக் கவுண்டரில் கையூன்றிக்கொண்டு சொன்னாள்.

"வெளக்கப் போட்டா பனி பூரா கண்ணாடியப் பாத்து வரும் டாக். நட்சத்திரமெல்லாம் நம்மளத் தேடி வர்றாப்ல. கொஞ்ச நேரம் போனா லாரி ஓடுதா, நட்சத்திரம் ஓடுதான்னே புரியாது. நான் எங்கயும் போகல, ரோடுதான் அடியில ஓடுதுன்னு தோணும். அப்ப எனக்குப் பேரே மறந்துபோகும்."

இருமல் மருந்து வாங்க வந்தவள். வாங்காமலேயே போய்விட்டாள்.

எங்கள் ஆட்டத்தில் கண்ணிவெடி வைப்பது இப்படி: வைக்கிறவன் கட்டங்களின் எண்களை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, என்னிடம் இருக்கும் காபி டப்பாவில் போடுவான். நகலை அவன் வைத்துக்கொள்வான். வாருகிறவள் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தி, அடுத்த கட்டத்தின் எண்ணைச் சொல்லி இரண்டு பகடை உருட்ட வேண்டும். ஏழோ மேலேயோ விழுந்தால் அங்கிருந்த கண்ணியில் ஒன்று ஒழிந்தது. குறைந்து விழுந்து, கண்ணியும் இருந்தால், கப்பல் ஒழிந்தது. கண்ணியே இல்லாவிட்டால் வைத்தவன் "இல்லை" என்பான். சனிக்கிழமைக்கு நான்கு முறைதான் ஆட்டம், ஆகவே மிஞ்சிப்போனால் நான்கு கட்டம். வாரி முடித்ததும் அவள் எழுந்து நின்று "வழி சுத்தம்" என்று உரக்கச் சொல்வாள். அந்தச் சொல்லை நம்பித்தான் பின்னால் நிற்கிற படை நகரும்.

பின்னால் நின்றவன் எம்மெட் ஹாகன். பண்ணை பண்ணையாகப் பால் எடுக்கிற டேங்கர் லாரி ஓட்டினான். ஆர்டிஸ் "வழி சுத்தம்" என்றால் வரைபடத்தைக்கூடப் பார்க்கமாட்டான், ஒரு கையில் பாலாடைக்கட்டியைக் கடித்துக்கொண்டே மறு கையால் கப்பல்களைத் தள்ளுவான். நிஜத்திலும் அப்படித்தான். பனிக்காலத்தில் பால் லாரி போக வேண்டுமென்றால் முன்னால் பனி லாரி போயிருக்க வேண்டும். தினம் விடியலில் அவள் முன்னே, அவன் பின்னே. இரண்டு பேருக்கும் நடுவில் காதல் கீதல் என்று ஊரில் சிலர் கிசுகிசுத்தார்கள். அதெல்லாம் இல்லை. ஒருத்தி போட்ட வழியில் ஒருவன் போனான், அவ்வளவுதான். எத்தனை புருஷன் பெண்டாட்டிக்கு அது வாய்த்திருக்கிறது?

1984 பிப்ரவரியில் அது கெட்டது.

இரண்டு தாள்களை ஒட்டியிருந்தோம் என்றேன் அல்லவா, அந்த ஒட்டில்தான் வினை. ஓரத்துக் கட்டங்கள் ஆளுக்குப் பாதியாக இரண்டு தாளிலும் அச்சாகியிருக்கும், ஒட்டினால் முழுக் கட்டமாகிவிடும். ஆனால் எண்? இடது தாளில் அது 2319. வலது தாளில் அதே கட்டம் 0119. ஒரே இடத்துக்கு இரண்டு எண். ஐந்து வருடம் அந்தத் தாளின் மேல் கவிழ்ந்து கிடந்தோம், ஒரு மண்டைக்கும் அது உறைக்கவில்லை. ஆர்டிஸ் இடது பக்கமிருந்து வந்தாள், 2319 என்றாள், உருட்டினாள். அப்போது எதிரியாக இருந்த டேல் தன் தாளைப் பார்த்தான். அதில் 0119 என்றுதான் இருந்தது. "இல்லை" என்றான். ஏமாற்றவில்லை. ஏமாற்றுகிற அளவுக்கு டேலுக்கு மூளை கிடையாது.

ஆர்டிஸ் எழுந்து "வழி சுத்தம்" என்றாள். எம்மெட் பதினான்கு கப்பலையும் தள்ளினான். பிறகுதான் டேல் தன் தாளை மறுபடி பார்த்துவிட்டு, "இருங்க, இது சுழியம் ஒண்ணு ஒண்ணு ஒம்போது தானே?" என்றான்.

பதினான்கும் போயிற்று. மூன்று வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டிய படை. எம்மெட் சிவந்துபோய் நின்றான். ஆர்டிஸைப் பார்த்துச் சொன்னான்.

"பாலத்தையும் இப்படித்தான் பெருக்குனியா?"

 அதற்கு முந்தின பனிக்காலம் வில்லோ ஓடைப் பாலத்தில் ஆர்டிஸ் பனி தள்ளிப் போன கால் மணி நேரத்தில், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் லோர்னாவின் கார் வழுக்கி ஓடைக்குள் விழுந்தது. லோர்னா பிழைத்தாள். குளிரில் இடது கையில் இரண்டு விரல் போய்விட்டன, ஆர்கனும் போயிற்று. தள்ளிய பிறகு அடியிலிருந்து கசிந்த நீர் உறைந்ததுதான் காரணம், ஓட்டியவள் மேல் குற்றமில்லை என்று விசாரித்து எழுதினார்கள். ஆர்டிஸ் அந்தக் காகிதத்தைப் படித்தாள், நம்பவில்லை. அன்றிலிருந்து அந்தப் பாலத்தை மட்டும் மூன்று தடவை தள்ளினாள். போய், திரும்பி வந்து, மறுபடி போய்.

எம்மெட்டுக்கு அது தெரியும். எல்லோரையும்விட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவள் மூன்று தடவை தள்ளி முடிக்கும் வரை பாலத்தருகே விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருப்பவன் அவன். தெரிந்தே அதை எடுத்து வீசினான். ஆர்டிஸ் தன் நான்கு சில்லுகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். எனக்கு அவன் மேல் வந்த கோபம் இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை.

ஒட்டுக் கட்டம் எதுவானாலும் இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று அடுத்த வாரம் விதிப்புத்தகத்தில் எழுதினேன். பயல்கள் அதற்கு 'ஆர்டிஸ் விதி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தாள். எம்மெட் பக்கம் சேரமாட்டேன் என்றதால் டேல் பக்கம் போட்டேன். ஒரே மேசை, எதிரெதிர் நாற்காலி. இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசினார்கள்.

"டாக், அந்த எம்மெட்டு கிட்ட உருட்டச் சொல்லு."

"டாக், அந்தம்மா கிட்ட நான் உருட்டியாச்சுன்னு சொல்லு."

"ரெண்டு பேரும் என்னத் தந்திக் கம்பம்னு நெனச்சீங்களா?" என்று கத்துவேன். சிரிக்கக்கூட மாட்டார்கள். அவள் ஒட்டுப் பக்கம் கப்பலைக் கொண்டுபோனதே இல்லை. எவ்வளவு சுற்று வழியானாலும் சுற்றித்தான் போவாள். "வழி சுத்தம்" என்றும் சொல்வதில்லை. வாரி முடித்தால் நாற்காலியைப் பின்னால் தள்ளுவாள், அதுதான் அடையாளம். ஆனால் காலையில் மட்டும் முன்போலவே அவள் முன்னே, அவன் பின்னே. பால் காத்திருக்காது.

1989 நவம்பரில் எம்மெட் கடைக்கு வந்து ஓர் உறையை நீட்டினான். வரைபடத்தின் நடுவில் கழுத்து என்று நாங்கள் சொல்லும் இடுக்கு இருந்தது, பதினோரு கட்ட நீளம். அதைத் தாண்டினால்தான் அவன் தலைநகரம். அந்தக் கழுத்து முழுக்கக் கண்ணி வைத்திருப்பதாகச் சொன்னான்.

"வருவா" என்றான். "மெதுவாத்தான் வருவா. வரட்டும்."

"நீயே ஒரு வார்த்த பேசித் தொலையேன்யா" என்றேன்.

"என்னன்னு பேசறது?" என்று கேட்டான். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. நல்ல ஜோடி.

ஜனவரியில் ஒரு காலை பால் நிலையத்து வாசலில் லாரியை ஒழுங்காக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அப்படியே உட்கார்ந்தபடி செத்துப்போனான். இதயம். அடக்கத்தன்று கல்லறைக்குப் போகும் பாதையை ஆர்டிஸ் விடியலிலேயே தள்ளி வைத்திருந்தாள், ஓரத்துப் புல் தெரிகிற அளவுக்கு. கூட்டத்தோடு நிற்கவில்லை, தூரத்தில் லாரியிலேயே இருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை டேல் சொன்னான்: "செத்தவன் வெச்ச கண்ணியும் செத்துப்போச்சு. கழுத்தத் தொறந்துவிட்ரு டாக். பவுலிங்காரன் ஏப்ரல்லேர்ந்து ரூம எடுத்துக்கறான், வீடியோ கேம் மெஷின் போடப்போறானாம். அதுக்குள்ள போர முடிக்கணுமில்ல?"

"அதுல கைய வெக்காத" என்றாள் ஆர்டிஸ்.

"ஏன்?"

"அது எம்மெட் வெச்சது. நான் வார்றேன்." சட்டைப்பையிலிருந்து நான்கு சில்லுகளையும் எடுத்து மேசையில் வைத்தாள். "ஆறு வருஷம் அவங்கூட நான் பேசல, டேல். இப்ப பேசணும்னா இது ஒண்ணுதான் இருக்கு. ஒரு எண்ணச் சொன்னா ஒரு பதில் வரும். அதையும் எடுத்துட்டியானா எனக்கு ஒண்ணுமில்ல."

 ஓட்டெடுத்தோம். செத்தவனுக்குப் பதிலாக நடுவர் உறையைப் பிரித்துப் பதில் சொல்ல வேண்டும், மார்ச் கடைசிச் சனிக்குள் கழுத்து திறக்காவிட்டால் போர் சமன் என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை மதியம் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து உறையைப் பிரித்தேன். பென்சில் எழுத்து. எண்கள் எண்கள் எண்கள். கழுத்தின் கிழக்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் ஊசி நுழைய இடமில்லாமல் கண்ணி, ஒரே கட்டத்தில் ஐந்தாறு வீதம். நடுவில் போகும் ஒட்டில் மட்டும் ஒன்றுகூட இல்லை. எழுத மறந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் ஒட்டுக் கட்டங்கள் பதினொன்றையும் வரிசையாக எழுதியிருந்தான். 2304, 0104, இல்லை. 2305, 0105, இல்லை. இப்படியே 2314 வரை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண். கண்ணி இல்லாத கட்டத்தை யாரும் எழுதுவதில்லை, விதியிலும் கிடையாது. வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதியிருக்கிறான், முட்டாள். ஒரு வார்த்தை பேசத் தெரியாதவன் பதினோரு வரி எழுதியிருக்கிறான். கவுண்டருக்குப் பின்னால் நின்று நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

அவள் பயந்து ஒதுங்குகிற இடத்தில்தான் வழி இருக்கிறது. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நான் நடுவர், வாயைத் திறக்க முடியாது.

பிப்ரவரி முதல் சனி அவள் கிழக்கு ஓரத்தில் தொடங்கினாள், ஒட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி. கண்ணை மூடினாள். ஓல்காவில் காபி, பெர்த்தாவில் ஒருவனுக்குப் பல்வலி, டில்லியில் இரண்டு பேர் சதுரங்கம். எண் சொல்வாள், உருட்டுவாள், தாளைப் பார்த்து நான் சொல்வேன்: இருந்தது, ஒழிந்தது. இருந்தது, ஒழிந்தது. இரண்டாம் வாரம் ஓல்கா போயிற்று. நான்காம் வாரம் பெர்த்தா. 

"என்ன டாக், மூஞ்சி திரிஞ்ச பாலாட்டம் கெடக்கு?" என்றான் டேல்.

"உன்னப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் ஆகும்."

மார்ச் பதினேழாம் தேதி டில்லியும் வெடித்தது. கழுத்தில் பாதிகூடத் தாண்டவில்லை. மிச்சம் இங்கா ஒன்றுதான். சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேரில் யார் ஜெயித்தார்கள் என்று ஒருவன் கேட்டான். ஆர்டிஸ் டில்லியின் சில்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுவாரம் ஊருக்குள் நல்ல பனி. ரோட்டிலிருந்து நேராக வந்தாள், கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசையருகே நின்றாள்.

"இன்னிக்குப் பாலத்துல மூணாந்தடவ போறேன்" என்றாள். "தள்றதுக்கு ஒண்ணுமே இல்ல. இரும்பு வெறுந்தரையில ஒரசி நெருப்புப் பொறி பறக்குது. நீலமா, அழகா இருந்துச்சு. அதப் பாத்துக்கிட்டே போறேன், எதையடி நீ தள்றன்னு எனக்கே தோணிச்சு. இங்கயும் அதேதான். ஏழு வாரமா எனக்குப் பயமில்லாத எடத்தையே வாரிக்கிட்டிருக்கேன்."

இங்காவைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஒட்டின் வாயில் நிறுத்தினாள். 

"ரெண்டு மூணு சுழியம் நாலு. சுழியம் ஒண்ணு சுழியம் நாலு."

உருட்டினாள். மூன்று. கண்ணி இருந்திருந்தால் கப்பல் போயிருக்கும்.

"இல்லை" என்றேன்.

அன்று நான்கு கட்டம், நான்கும் இல்லை. டேல் உதட்டைப் பிதுக்கினான். நாலச் சும்மா விட்டுட்டு அஞ்சாவதுல வெச்சிருப்பான், எம்மெட்டத் தெரியாதா என்றான்.

மார்ச் முப்பத்தொன்று, கடைசிச் சனி. வெளியே வானம் ஈயம் பூசினாற்போல் இருந்தது. முதல் முறை, இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவது, இல்லை. ஏழு கட்டம் முடிந்தது, இன்னும் நான்கு பாக்கி. கையில் இருப்பதோ ஒரே முறை. வாரிக்கொண்டு போனால் ஒரு கட்டம்தான். வாராமல் விட்டால் பின்னால் நிற்கும் படை நான்கையும் ஒரே ஓட்டத்தில் தாண்டலாம், ஆனால் கண்ணி இருந்தால் படை மொத்தமும் போகும்.

"அவ்ளோதான், சமன்" என்று டேல் நாற்காலியை இழுத்தான். "நல்ல சண்டைதான். வாங்க, காபி குடிக்கலாம்."

ஆர்டிஸ் பகடையைக் கையில் வைத்திருந்தாள். கண்ணை மூடினாள். வழக்கமாக வருகிற பேச்சு வரவில்லை. அடுத்த கூடத்தில் கட்டைகள் சரிந்தன, யாரோ கை தட்டினார்கள். 

"இங்காவுல எல்லாரும் தூங்கறாங்க" என்றாள் கடைசியில். "ஒருத்தி மட்டும் முழிச்சிருக்கா. பின்னால கண்ணாடியில ஒரு வெளக்குத் தெரியுது. தூரமாத்தான். ஆனா வருது. அந்த ஆறு வருஷமும் வந்துச்சு, ஒரு நாள் தப்பல." கண்ணைத் திறந்தாள். "அவ்ளோ கோவம்னா வேற ரோட்டப் பாத்துப் போயிருப்பான்ல?"

 அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"டாக், ஒன் மூஞ்சியப் பாக்கமாட்டேன். ஒனக்கு மறைக்கத் தெரியாது." பிறகு டேலிடம்: "எத்தன கப்பல் வெச்சிருக்க?"

"பதினாலு" என்றான் டேல். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஆர்டிஸ், வேணாம். அன்னிக்கும் பதினாலுதான்."

"தெரியும்."

பகடையை மேசையின் ஓரத்தில் வைத்தாள், உருட்டவில்லை. எழுந்து நின்றாள். ஆறு வருடமாக அந்த அறையில் கேட்காத சொல்லை, லாரி எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்துகிறவளைப் போல உரக்கச் சொன்னாள்.

"வழி சுத்தம்."

டேல் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவன் தொப்பியைக் கழற்றி வைத்தான். வரைபடத்தைப் பார்க்காமலேயே பதினான்கையும் இரண்டு கையாலும் தள்ளினான்.

தாளின் பின்பக்கத்தை நான் வாசித்தேன். "2311, 0111, இல்லை. 2312, 0112, இல்லை. 2313, 0113..." அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. டேல் வந்து தாளை வாங்கி மிச்சத்தை வாசித்தான். வாசித்துவிட்டு ஆர்டிஸிடம் கொடுத்தான்.

அவள் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். பதினோரு வரி. படித்து முடித்ததும், "எழுத்து இன்னும் கோழி கிறுக்கினாப்லதான் இருக்கு" என்றாள். கண்ணீர் வழிவதைத் துடைக்கவில்லை. தாளை மடித்து, சில்லுகளைப் போட்டுக்கொள்கிற அதே சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். ஆட்டத்தின் தாளெல்லாம் நடுவரிடம்தான் இருக்க வேண்டும் என்று விதி. நான் விதிப்புத்தகத்தை மூடி வைத்தேன்.

எம்மெட்டின் தலைநகரம் விழுந்ததா என்று கேட்பீர்கள். விழுந்தது என்றுதான் நினைக்கிறேன். யாரும் அதைக் கவனித்ததாக நினைவில்லை.

ஐந்து மணிக்கு மறுபடி பனி விழ ஆரம்பித்தது. ஆர்டிஸுக்குச் சாலைத் துறையிலிருந்து அழைப்பு வந்தது, கிளம்பினாள். என் வீடு வில்லோ ஓடைக்கு அந்தப் பக்கம், நானும் காரை எடுத்துக்கொண்டு அவள் லாரிக்குப் பின்னாலேயே போனேன். கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக வந்து மோதியது. கொஞ்ச தூரம் போனதும் அவள் சொன்னது எனக்கும் ஆயிற்று: நான் ஓடுகிறேனா, அவை ஓடுகின்றனவா என்று தெரியவில்லை. முன்னால் சிவப்பு விளக்கு மட்டும் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

பாலத்தருகே வண்டியை நிறுத்தி விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். எப்படியும் மூன்று தடவை ஆகும், வானொலியைத் திருகலாம் என்று கையை நீட்டினேன். ஆர்டிஸ் பாலத்தின் மேல் ஒரு தடவை போனாள். அந்தக் கரையில் லாரி நின்றது. திரும்பி வரப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. சன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டு, வா வா என்று இரண்டு தடவை அசைந்தது. லாரி மேட்டில் ஏறிப் போயிற்று.

நான் கியரைப் போட்டுப் பாலத்தைத் தாண்டினேன்.